ஏஐ ப்ரொஃபைல் படம்: செல்ஃபி எடுப்பது முதல் கணக்கை மூடுவது வரை

வேலைக்கு விண்ணப்பிக்க உட்காரும்போதுதான் ப்ரொஃபைல் படம் நினைவுக்கு வரும். கையில் இருப்பதோ ஏதோ ஒரு விழாவில் எடுத்த குரூப் போட்டோவிலிருந்து வெட்டிய முகம், இல்லையென்றால் பல வருடத்துக்கு முந்தைய பாஸ்போர்ட் சைஸ் படம். இந்த நேரத்தில் ஏஐ ஹெட்ஷாட் சேவைகளின் விளம்பரம் கண்ணில் பட்டால் ஆசை வரத்தான் செய்யும். செல்ஃபிகளைக் கொடுத்தால் கோட்டு போட்டு ஸ்டுடியோ வெளிச்சத்தில் நின்ற மாதிரி படம் தருகிறார்கள். படம் நன்றாகவே வரும். அதில் இருப்பது நீங்கள்தானா என்பதில்தான் எல்லாச் சிக்கலும். பல சேவைகளை முயன்று, பணமும் பொறுமையும் செலவழித்துத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். நீங்கள் அவ்வளவு அலைய வேண்டாம்.

நேரம் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளை காலை நேர்காணல் என்றால் இதில் இறங்காதீர்கள். ஒரு வாரமாவது கையில் இருக்கும்போது ஆரம்பியுங்கள். படம் உருவாக அதிக நேரம் ஆகாது. நல்ல செல்ஃபிகளைச் சேர்ப்பதற்கும், வந்ததில் தேறுவதைப் பொறுக்குவதற்கும்தான் நாள் பிடிக்கும்.

1. படம் எங்கே போகப்போகிறது என்று முடிவு செய்யுங்கள்

லிங்க்ட்இன்னில் ஏஐ படம் போடலாம். ஏஐ வைத்து மெருகேற்றுவதை அவர்கள் தடுக்கவில்லை. ஆனால் படம் உங்கள் தோற்றத்தை ஒத்திருக்க வேண்டும் என்பது விதி. ஒத்திருக்காத படத்தை எடுத்துவிடும் உரிமை அவர்களுக்கு உண்டு. ஃப்ரீலான்ஸ் வேலை தரும் தளங்களுக்கு ஆளுக்கொரு விதி இருக்கிறது. அவற்றின் உதவிப் பக்கத்தில் ப்ரொஃபைல் போட்டோ பற்றிய பகுதியைப் படித்துவிட்டு மேலே போங்கள்.

பாஸ்போர்ட், விசா, ஓட்டுநர் உரிமம், தேர்வு நுழைவுச்சீட்டு இவை எதற்கும் இந்தப் படத்தைக் கொடுக்காதீர்கள். அங்கெல்லாம் மாற்றம் செய்யாத, சமீபத்தில் எடுத்த படம்தான் வேண்டும். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் கட்டணமும் போகும், நாளும் போகும். ஆபீஸ் அடையாள அட்டைக்கு என்றால் ஹெச்ஆரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

2. எந்த வகைக் கருவி?

இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற பொதுவான செயலிகள். ஒரே ஒரு படத்தைக் கொடுத்து, பின்னணியை மாற்று, வெளிச்சத்தைச் சரி செய் என்று எழுதினால் ஒன்றிரண்டு நிமிடத்தில் படம் வந்துவிடும். இலவசக் கணக்கிலேயே ஓரளவு செய்யலாம். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்ற வரம்பு மட்டும் இருக்கும்.

இன்னொன்று, ஹெட்ஷாட்டுக்கென்றே உள்ள சேவைகள். பெரும்பாலும் 10 முதல் 20 படங்கள் வரை கேட்பார்கள். அவற்றை வைத்து உங்கள் முகத்துக்கென்று ஒரு மாடலை (உங்கள் முகத்தை வரையக் கற்றுக்கொள்ளும் ஏஐ நிரல்) பயிற்றுவித்து, நாற்பது, நூறு என்று படங்களை அள்ளித் தருவார்கள். அரை மணி நேரத்திலிருந்து சில மணி நேரம் வரை ஆகும். பணம் முன்னாலேயே கட்ட வேண்டும்.

முதலில் இலவச வழியை முயன்று பாருங்கள் என்பதுதான் என் கருத்து. ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. பின்னணியை மட்டும் மாற்று என்று நீங்கள் சொன்னாலும், இந்தச் செயலிகள் பெரும்பாலும் முழுப் படத்தையும் புதிதாக வரைகின்றன, உங்கள் முகம் உட்பட. தாடை கொஞ்சம் மெலியும், கண் கொஞ்சம் பெரிதாகும். அந்தப் படத்தையே மறுபடி கொடுத்து இன்னொரு திருத்தம், அப்புறம் இன்னொன்று என்று போனால், நாலாவது ஐந்தாவது சுற்றில் உங்கள் சித்தப்பா மகன் மாதிரி ஒருவர் வந்து நிற்பார். அதனால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் அசல் படத்திலிருந்தே புதிதாகத் தொடங்குங்கள்.

பின்னணி மட்டும்தான் பிரச்சினை என்றால் இது எதுவுமே தேவையில்லை. இப்போது பல போன்களின் கேலரியிலேயே ஆளை மட்டும் வெட்டி எடுக்கும் வசதி இருக்கிறது. வெட்டி, வெளிர் சாம்பல் நிறப் பின்னணியில் ஒட்டினால் போதும். முகத்தில் ஒரு புள்ளிகூட மாறாது, காசும் செலவில்லை. உடையும் வெளிச்சமும் மாற வேண்டும் என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

3. பணம் கட்டுவதற்கு முன் படிக்க வேண்டியவை

கட்டண விவரம். ஒருமுறைக் கட்டணமா, சந்தாவா என்று பாருங்கள். மொபைல் ஆப்கள் பலவற்றில் மூன்று நாளோ ஏழு நாளோ இலவசம் என்று போட்டு, அதன் பிறகு வாரச் சந்தாவாக எடுப்பார்கள். வாரத்துக்கு என்பது சின்ன எழுத்தில் இருக்கும். தொகை சின்னதாகத் தெரியும், வருடக் கணக்கில் பெருக்கிப் பார்த்தால்தான் உண்மை விளங்கும். ஆப்பைப் போனிலிருந்து நீக்கினால் சந்தா நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது. பிளே ஸ்டோரிலோ ஆப் ஸ்டோரிலோ உங்கள் கணக்குக்குள் போய், சந்தாக்கள் என்ற இடத்தில்தான் ரத்து செய்ய வேண்டும்.

வெளிநாட்டு நாணயத்தில் விலை போட்டிருந்தால், உங்கள் வங்கி மாற்றுக் கட்டணம் சேர்க்கும், வரியும் கடைசிப் பக்கத்தில் சேரலாம். விலைப் பட்டியலில் பார்த்த தொகையும் கார்டில் போன தொகையும் ஒன்றாக இருக்காது. வாட்டர்மார்க் இல்லாத படத்துக்கும் பெரிய அளவுப் படத்துக்கும் தனிக் காசு கேட்கிறவர்களும் உண்டு. அடிப்படைத் திட்டத்தில் எந்த அளவில் படம் கிடைக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் திரும்பப் பெறும் விதி. முகப்புப் பக்கத்தில் 'பிடிக்கவில்லையென்றால் பணம் வாபஸ்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். விதிமுறைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால், ஒரு படத்தை டவுன்லோடு செய்துவிட்டால் வாபஸ் கிடையாது, பயிற்சி தொடங்கிவிட்டால் கிடையாது என்று இருக்கலாம். எனக்கு அப்படித்தான் ஆனது. தூரத்துச் சொந்தம் மாதிரி ஒரு தொகுப்பு வந்தது. அதில் ஒன்றே ஒன்றைத் திறந்து பார்க்க டவுன்லோடு செய்திருந்தேன். அதைக் காட்டி மறுத்துவிட்டார்கள். எனவே பணம் கட்டுவதற்கு முன்பே அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். படங்களை முதலில் அவர்கள் தளத்திலேயே பாருங்கள், திருப்தி ஆன பிறகு இறக்குங்கள்.

தனியுரிமைக் கொள்கை. முழுவதும் படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. அந்தப் பக்கத்தில் டெலீட் (delete), ரீட்டெயின் (retain), டிரெயின் (train), லைசென்ஸ் (license) என்ற நாலு சொற்களை மட்டும் தேடுங்கள். நீங்கள் கொடுத்த படங்களை எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? உங்கள் முகத்தை வைத்துத் தங்கள் பொதுவான மாடலைப் பயிற்றுவிப்பார்களா? வந்த படத்தின் உரிமை யாருக்கு? அழிக்க வேண்டுமென்றால் நீங்களே அழிக்கலாமா, மெயில் போட வேண்டுமா? இதற்கெல்லாம் பதில் அந்தச் சொற்களைச் சுற்றித்தான் இருக்கும். பாஸ்வேர்டு கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம், முகத்தை மாற்ற முடியாது. தெளிவாகப் பதில் சொல்லாத சேவை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

சாட்ஜிபிடியில் செட்டிங்ஸுக்குள் டேட்டா கன்ட்ரோல்ஸ் என்ற பகுதி இருக்கிறது. மாடலை மேம்படுத்த உங்கள் தகவலைப் பயன்படுத்தலாம் என்ற அனுமதியை அங்கே அணைத்துவிடலாம். ஜெமினியில் ஆக்டிவிட்டி பகுதியில் அதே வேலையைச் செய்யலாம். படம் ஏற்றுவதற்கு முன் செய்யுங்கள்.

4. செல்ஃபிகள்: பாதி வேலை இங்கேதான்

மட்டமான படங்களைக் கொடுத்தால் எந்தச் சேவையும் காப்பாற்றாது. எனவே இதில் அவசரம் காட்டாதீர்கள்.

கையை நீட்டி எடுக்கும் செல்ஃபியைத் தவிருங்கள். லென்ஸ் முகத்துக்கு அவ்வளவு அருகில் இருந்தால் மூக்கு பெரிதாகவும் காதுகள் பின்வாங்கியும் விழும். ஏஐ அதையே உங்கள் முக அமைப்பு என்று எடுத்துக்கொள்ளும். போனை ஒரு அலமாரியில் சாய்த்து டைமர் போடுங்கள், அல்லது யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள். ஒன்றரை மீட்டர் தள்ளி, பின்பக்கக் கேமராவில், இரண்டு மடங்கு ஜூம் லென்ஸ் இருந்தால் அதில் எடுக்கலாம். லென்ஸைத் துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

முன்பக்கக் கேமராவில் இன்னொரு தொல்லை உண்டு. பல போன்கள் செல்ஃபியைக் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாற்றிச் சேமிக்கும். அந்தப் படங்களையும் பின்பக்கக் கேமரா படங்களையும் கலந்து கொடுத்தால், இடது கன்னத்து மச்சம் சில படங்களில் வலது கன்னத்தில் இருக்கும். வகிடும் பக்கம் மாறும். எது சரி என்று மாடலுக்கு எப்படித் தெரியும்?

வெளிச்சத்துக்கு ஜன்னலைப் பார்த்து நில்லுங்கள். தலைக்கு மேலிருக்கும் விளக்கை அணைத்துவிடுங்கள். மஞ்சள் விளக்கும் பகல் வெளிச்சமும் கலந்தால் முகத்தில் ஒரு நிறம் ஏறும், அதுவும் உங்கள் தோல் நிறமாகவே பதிவாகும். கேமரா செட்டிங்கில் பியூட்டி, ஸ்மூத் என்று எது இருந்தாலும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். சில போன்களில் அது வாங்கும்போதே ஆன் ஆகியிருக்கும். மெழுகு பூசிய மாதிரி முகத்தைக் கொடுத்தால் பொம்மை முகம்தான் திரும்பி வரும்.

ஒரே நாளில், ஒரே சட்டையில், ஒரே சுவருக்கு முன்னால் எல்லாப் படத்தையும் எடுத்து முடிக்காதீர்கள். எல்லாவற்றிலும் அதே நீலச் சட்டை இருந்தால், அந்த நீலமும் உங்கள் அடையாளம் என்று மாடல் கற்றுக்கொள்ளும். மூன்று நாலு நாளில், வேறு வேறு உடையில், வேறு வேறு இடத்தில் எடுங்கள். நேராகப் பார்ப்பது, கொஞ்சம் இடப்பக்கம் திரும்பியது, கொஞ்சம் வலப்பக்கம் திரும்பியது என்று கலந்து இருக்கட்டும். பெரும்பாலானவை தலையும் தோளும், சில இடுப்பு வரை.

பல் தெரியச் சிரிக்கும் படம் இரண்டு மூன்றாவது கட்டாயம் வேண்டும். எல்லாப் படத்திலும் வாயை மூடியிருந்தால், சிரிக்கும் ஹெட்ஷாட்டுக்கு ஏஐ தானாகவே ஒரு பல் வரிசையைக் கற்பனை செய்யும். சிறு பல் இடைவெளி இருக்கிறவர்களுக்கு அது காணாமல் போகும். மற்றதெல்லாம் சரியாக இருந்தும் ஏதோ ஒன்று இடிக்கிறதே என்று தோன்றும் படங்களில் பெரும்பாலும் குற்றவாளி பல்தான்.

கண்ணாடி போடுகிறவரா? இறுதிப் படத்தில் கண்ணாடி வேண்டுமென்றால் எல்லாப் படத்திலும் அதே கண்ணாடியோடு இருங்கள். வேண்டாமென்றால் எதிலும் வேண்டாம். தாடி, முடி வெட்டு விஷயத்திலும் அப்படியே. இப்போது எப்படி இருக்கிறீர்களோ அந்த நிலையில் எடுத்த படங்கள் மட்டும். பிடித்த பழைய படம் ஒன்று எல்லோரிடமும் இருக்கும், அதைச் சேர்க்காதீர்கள். தொப்பி, கூலிங் கிளாஸ், முகத்தில் கை வைத்தது, பக்கத்தில் இன்னொருவர் நிற்பது இவையும் கூடாது. கூட நிற்கிறவரின் முகத்தை அவர் சம்மதம் இல்லாமல் ஒரு நிறுவனத்துக்கு அனுப்புவது சரியும் இல்லை.

படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் தரம் குறையும். டாக்குமென்ட் ஆக அனுப்புங்கள், அல்லது போனிலிருந்தே நேரடியாக ஏற்றுங்கள். ஐபோன் படம் ஹெச்இஐசி வடிவத்தில் இருந்து தளம் ஏற்க மறுத்தால் ஜேபிஜியாக மாற்றிக்கொள்ளுங்கள். எடுத்த இடத்தின் விவரம் படத்துக்குள் பதிவாகாமல் இருக்க, கேமராவுக்கான லொகேஷன் அனுமதியை முன்கூட்டியே அணைத்துவிடலாம்.

5. உடை, பின்னணி, கட்டளை

உங்கள் வேலையில் உண்மையாகவே போடும் உடையைத் தேர்ந்தெடுங்கள். பள்ளியில் பாடம் எடுப்பவருக்கும் மென்பொருள் எழுதுபவருக்கும் மூன்று பீஸ் சூட்டு ஒட்டாது. பின்னணிக்கு வெறும் சாம்பல் அல்லது மங்கலான அறை போதும். கண்ணாடிக் கட்டடம், நகர வெளிச்சம் எல்லாம் கவனத்தைத் திருப்பும்.

பொதுச் செயலிகளில் அழகாக்கு, ப்ரொஃபஷனலாக ஆக்கு என்று பொதுப்படையாகச் சொல்லாதீர்கள். அந்தச் சொற்களோடு ஏஐ கற்றுவைத்திருக்கும் முகம் வேறு யாருடையதாகவோ இருக்கலாம். 2023 ஜூலையில், தன் படத்தை லிங்க்ட்இன்னுக்கு ஏற்றபடி மாற்றித் தரச் சொன்ன ஆசிய அமெரிக்க மாணவி ஒருவருக்கு, வெளுத்த தோலும் நீலக் கண்களும் கொண்ட முகம் வந்தது செய்தியானது. இன்றைய கருவிகள் தேறியிருக்கின்றன. ஆனாலும் நிறத்தை ஒரு படி வெளுப்பது இன்னும் நடக்கிறது. அசல் படத்தையும் வந்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அது தெரியும்.

இப்படி எழுதிப் பாருங்கள்: 'இந்தப் படத்தில் உள்ள முகம், தோல் நிறம், மச்சம், சுருக்கம், முடி எதையும் மாற்றாதே. பின்னணியை வெளிர் சாம்பலாக்கு. சட்டையை வெள்ளைக் காலர் சட்டையாக மாற்று. ஜன்னல் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரட்டும்.' எதை மாற்றக் கூடாது என்பதை முதலில் சொல்வது நல்ல பலன் தருகிறது.

6. வந்ததைச் சலித்தெடுப்பது

நூறு படம் வந்தாலும் கைவிரலில் எண்ணும் அளவுக்குத்தான் தேறும். முதல் பார்வையில் எல்லாமே அசத்தலாக இருக்கும், அதில் மயங்கிவிடாதீர்கள். ஒரு நாள் கழித்துத் திரும்பப் பாருங்கள். அப்புறம் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்திருந்த ஒரு படத்தைச் சொல்கிறேன். சின்னதாகப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெரிதாக்கினால், கண்ணாடியின் கைப்பிடி காதுக்குப் போகும் வழியில் முடிக்குள் கரைந்து போயிருந்தது. காலரின் ஒரு முனை கோட்டுக்கு உள்ளேயும் மற்றொன்று வெளியேயும் இருந்தது. இரண்டாவது பட்டன் துணியில் தைக்கப்படாமல் மேலே மிதந்தது. மச்சம் வலது கன்னத்துக்குப் போய்விட்டது. இத்தனையும் ஒரே படத்தில். ஆள் எடுக்கும் வேலையில் இருப்பவர்கள் தினமும் எத்தனையோ முகங்களைப் பார்க்கிறார்கள், இதெல்லாம் அவர்கள் கண்ணில் படும்.

கண் மணிகளில் தெரியும் ஒளிப்புள்ளி இரண்டிலும் ஒரே பக்கம் இருக்கிறதா, காதுகள் இரண்டும் உங்கள் காதுகள்தானா, தோடு இரண்டும் ஒரே மாதிரியா, கழுத்து நீண்டுவிட்டதா, நெற்றியின் முடி எல்லை இறங்கிவிட்டதா என்று பாருங்கள். பின்னணியில் எழுத்து இருந்தால் அது பெரும்பாலும் அர்த்தமில்லாத கிறுக்கலாக இருக்கும். அந்தப் படத்தை ஒதுக்கிவிடுங்கள். வயதும் முக்கியம். பத்து வயது குறைந்த முகம் ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் வீடியோ காலில் வந்து உட்காரப்போவது நீங்கள்.

7. மற்றவரிடம் காட்டுங்கள்

இந்த வாரம் உங்களை நேரில் பார்த்த ஒருவரைப் பிடியுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் நம்மேல் பிரியம் உள்ளவர்கள் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். பொறுக்கியெடுத்த படங்களோடு உங்கள் உண்மையான படம் இரண்டைக் கலந்து, இதில் எது என்னைப் போலவே இல்லை என்று கேளுங்கள். அவர் தயங்காமல் சுட்டிக்காட்டுவதை நீக்கிவிடுங்கள். அப்புறம் வீடியோ காலைத் திறந்து உங்கள் முகத்தையும் மிச்சமுள்ள படத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பொருந்தினால் சரி.

எதுவுமே பொருந்தவில்லையா? நாலாவது படியில் ஜன்னலருகே எடுத்த படங்களுக்குத் திரும்பிப் போங்கள். அவற்றில் ஒன்று அப்படியே போட ஏற்றதாக இருப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. ஏஐக்குக் காசு கட்டிவிட்டோமே என்பதற்காகச் சுமாரான ஏஐ படத்தைப் போட வேண்டியதில்லை.

8. வெட்டி, ஏற்றி, சரிபார்ப்பது

லிங்க்ட்இன்னுக்குச் சதுரப் படம், குறைந்தது 400க்கு 400 பிக்சல், 8 எம்பிக்குள் இருக்க வேண்டும். அங்கே அது வட்டமாகத் தெரியும் என்பதால் மூலைகள் போய்விடும். தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு, முகம் பாதிக்கு மேல் நிறையும்படி வெட்டுங்கள். ஏற்றிய பிறகு போனில், கமென்ட் பக்கத்தில் தெரியும் சின்ன வட்டத்தில் முகம் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். நிறைய பேர் உங்களைப் பார்ப்பது அந்த அளவில்தான்.

சாட்ஜிபிடி உருவாக்கும் படத்துக்குள் அது ஏஐ வழி வந்தது என்ற குறிப்பு பதிந்திருக்கும். ஜெமினி படங்களில் கண்ணுக்குத் தெரியாத அடையாளம் இருக்கும். இப்படிக் குறிப்புள்ள படங்களை லிங்க்ட்இன் கண்டுபிடித்தால் மூலையில் ஒரு சிறு முத்திரை காட்டலாம். அதை நீக்க வழி தேடி அலையாதீர்கள். படம் உங்களைப் போலவே இருந்தால் அந்த முத்திரையால் ஒரு நஷ்டமும் இல்லை. யாராவது கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுங்கள்.

9. கணக்கை மூடுங்கள்

இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம். தேர்ந்த படங்களைப் பெரிய அளவிலேயே இறக்கி, இரண்டு இடத்தில் சேமித்த பிறகு, முதலில் சந்தாவை ரத்து செய்யுங்கள். இலவசக் காலம் முடிவதற்குக் கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம், ஒரு நாள் முன்பே செய்துவிடுங்கள். அடுத்து, நீங்கள் ஏற்றிய செல்ஃபிகள், உங்கள் முகத்துக்கென்று பயிற்றுவித்த மாடல், வந்த படங்கள் மூன்றையும் அழியுங்கள். கணக்கை நீக்கினால் மாடலும் சேர்ந்து போகும் என்று நினைக்காதீர்கள், அது அவர்கள் கொள்கையில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

தளத்தில் பட்டன் இல்லையென்றால் மெயில் போடுங்கள். நீளமாக எழுத வேண்டாம்: 'இந்த மின்னஞ்சலில் உள்ள என் கணக்கு, நான் ஏற்றிய படங்கள், அவற்றால் பயிற்றுவித்த மாடல், உருவான படங்கள் அனைத்தையும் நிரந்தரமாக அழித்து, அழித்ததை எழுத்தில் உறுதி செய்யவும்.' ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பவர்கள் ஜிடிபிஆர் என்ற தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவைக் குறிப்பிடலாம். அதன்படி அவர்கள் பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

பணம் கட்டிய ரசீது, சந்தா ரத்தான உறுதிச் செய்தி, அழித்துவிட்டோம் என்ற பதில் மூன்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். அடுத்த மாதம் கார்டு ஸ்டேட்மென்ட் வரும்போது அந்த நிறுவனத்தின் பெயரில் மறுபடி ஏதாவது போயிருக்கிறதா என்று பாருங்கள். போயிருந்தால் அன்றைக்கே வங்கியைக் கூப்பிட்டு, ரத்தான உறுதிச் செய்தியைக் காட்டிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.